நாற்பது பேருக்கும் தலை சுற்றவில்லை

திருப்பூர் மண்ணரையில் தரணீதரனுடைய பனியன் கம்பெனியில் கீதாஞ்சலிக்கு ஆடிட் அக்கா என்று பெயர். அவளைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர்களும் அவள் இல்லாத நேரத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு மூன்று முறையாவது ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். அதற்குப் பெயர்தான் ஆடிட். வந்தவர்கள் தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனை மணி நேரம் வேலை, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, யாராவது திட்டுகிறார்களா என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பதுதான் கீதாஞ்சலியின் உத்தியோகம். சம்பளச் சீட்டில் அவளுடைய பதவி வேறு விதமாக அச்சாகியிருக்கும். அதை யாரும் படித்ததில்லை.

இப்படி ஒரு உத்தியோகம் உண்டா என்று வெளியாள் கேட்கலாம். அந்தக் கம்பெனிக்குள் யாரும் கேட்டதில்லை. கீதாஞ்சலியே கேட்டுக்கொண்டதில்லை. மடத்துக்குளத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற தாய் தகப்பனுக்குப் பிறந்து, பன்னிரண்டாவது முடித்த கையோடு திருப்பூருக்கு வந்தவள் அவள். முதல் ஐந்து வருஷம் செக்கிங் டேபிளில் நின்றாள். பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து மடித்துப் போடுகிற வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். ஒரு நாள் சோதிக்க வந்தவர்களில் ஒருவர் தற்செயலாக அவளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க, அவள் தடங்கலே இல்லாமல், கண்ணைப் பார்த்து, சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். பாதிக்கு மேல் பொய். வந்தவர் திருப்தியாகப் போனார். மறு வாரமே தரணீதரன் அவளுக்கு ஒரு நாற்காலியும் மேஜையும் ஃபேனும் போட்டுக்கொடுத்தார். நின்றே கழிந்துகொண்டிருந்த பிழைப்பு அப்படித்தான் உட்கார்ந்தது.

சொல்லிக்கொடுப்பதில் அவள் சாமர்த்தியக்காரி. வெறுமனே மனப்பாடம் செய்யவைத்தால் மாட்டிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேன்டீனில் ஒத்திகை வைப்பாள். அவளே சோதிக்க வந்த மேடமாக நடிப்பாள். அதட்டுகிற மேடமாக நடிப்பது சுலபம். அன்பான மேடமாக நடிப்பதுதான் அவளுடைய தனித் திறமை. குரலைத் தாழ்த்தி, தோளைத் தொட்டு, பயப்பட வேண்டாம், முதலாளிக்குத் தெரியாது, உண்மையைச் சொல்லுங்கள் என்பாள். நான்கு வருஷத்துக்கு முன் அந்தக் குரலில் மயங்கி உண்மையைச் சொன்னவர் சுப்பண்ணன்.

சுப்பண்ணன் அயர்ன் டேபிள்காரர். ஐம்பத்து நான்கு வயது. ஊத்துக்குளியிலிருந்து காலை ரயிலில் அவரும் அவர் மனைவி ரங்காத்தாளும் சேர்ந்து வருவார்கள். அவர் அயர்னிங், அந்தம்மா பேக்கிங். அன்றைக்கு ஒத்திகையில் அவர், ஷிப்மெண்ட் சமயத்தில் பதினான்கு மணி நேரம் நிற்கிறோம் மேடம், கால் வீங்கிப்போகிறது என்று மனசு விட்டுச் சொல்லிவிட்டார். கீதாஞ்சலி உடனே எழுந்து எல்லாரையும் பார்த்துத் திரும்பினாள். பார்த்தீர்களா, இப்படி ஒருத்தர் வாயைத் திறந்தால் இருநூறு வீட்டுச் சோற்றில் மண் விழும் என்றாள். கேன்டீனே சிரித்தது. ரங்காத்தாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எந்த ஆடிட்டிலும் சுப்பண்ணன் தப்பு செய்ததில்லை. சாதாரண நாட்களில் கீதாஞ்சலியை வாய் நிறைய அம்மணி என்று கூப்பிடுகிறவர், ஆடிட் நாளில் அவளையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவ்வளவு சுத்தமாகப் பாடம் படித்திருந்தார்.

இந்த வருஷம் ஆடி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். பெயர் பூங்குழலி. வெக்கையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு மூளைக்குப் போகிற ரத்தம் எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்கிற ஆராய்ச்சி. பல கம்பெனிகளில் அளக்கிறார்கள், இங்கேயும் அனுமதி வேண்டும் என்றார். கூடவே கேட்கப்போகிற பதினான்கு கேள்விகளையும் அனுப்பியிருந்தார். தரணீதரன் கடிதத்தைப் படித்துவிட்டு, லேப்டாப்போடு வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் துணி வாங்குகிற பையரிடம்தான் போய்ச் சொல்வார்கள், எதற்கும் ஆட்களைத் தயார் செய்துவிடுங்கள் என்று கீதாஞ்சலியிடம் கொடுத்தார்.

அவளுக்கும் அது ஆடிட்டாகத்தான் தெரிந்தது. கேள்வித்தாள், கையெழுத்து வாங்குகிற படிவம், தனியாக உட்காரவைத்துப் பேசுவது, எல்லாம் அதே மாதிரி. எழுந்தால் தலை சுற்றுகிறதா என்றால் இல்லை. மயங்கி விழுந்ததுண்டா என்றால் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் இல்லை. எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்றால் எட்டு, நடுவில் உட்காரவும் விடுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு என்றால் மூன்று லிட்டர். டாக்டர் வருவதற்கு முதல் நாளே கேன்டீனில் எல்லாரையும் இரண்டு முறை சொல்லவைத்துப் பார்த்தாள்.

மாத்திரை என்ற இடத்தில் சுப்பண்ணன் லேசாக இழுத்தார். அவர் பிரஷருக்கு ஒன்றும், அடிக்கடி ஒன்றுக்குப் போகிற தொந்தரவுக்கு ஒன்றும் சாப்பிடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். வைகாசியில் ஒரு நாள் கீழே கிடந்த பண்டலை எடுத்து நிமிர்ந்தவர் அப்படியே சரிந்து விழுந்ததும் தெரியும். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அந்த வாரம் ஆடிட் இருந்ததால் அதை முதலுதவி நோட்டில் ஏற்றாமல் விட்டதும் அவள்தான். இருபது நாள் கழித்து பாய்லர் அறைப் படியில் மறுபடி விழுந்தார். அதையும் ஏற்றவில்லை. அவர் இழுத்தபோது அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் உடனே சரியாகச் சொன்னார்.

டாக்டர் பூங்குழலிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு உதவிப் பெண்ணோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்து கேன்டீனில் ஓரமாகத் திரை கட்டிக்கொண்டார். தொழிலாளர்களுக்குப் புரியும்படி அவரே விளக்கினார். உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், பிரஷர் கொஞ்சம் விழும், ஆனால் மூளைக்கு மட்டும் குறையக் கூடாது என்றார். ஒரே நேரத்தில் பத்து அயர்ன் பாக்ஸ் நீராவி இழுத்தால் பாய்லர்காரர் ஓடிப்போய் வால்வைத் திறந்துவிடுகிறார் அல்லவா, மண்டைக்குள் பாய்லர்காரர் கிடையாது, அங்கே குழாய்களே தங்களை விரித்தும் சுருக்கியும் ரத்தத்தைச் சமாளித்துக்கொள்கின்றன, அது எத்தனை வினாடியில் நடக்கிறது என்றுதான் அளக்கப்போகிறோம் என்றார். அயர்னிங்காரர்கள் தலையாட்டினார்கள்.

தலையைச் சுற்றி ஒரு பட்டை. அதில் இரண்டு பக்கத்து நெற்றிப்பொட்டிலும் படுகிற மாதிரி இரண்டு கருவி. பொட்டில் ஜில்லென்று ஒரு பசை. விரலில் ஒரு சின்ன உறை துடிப்புக்குத் துடிப்பு பிரஷரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சில் வருகிற கரியமில வாயு கூடினாலும் குறைந்தாலும் மூளைக் குழாயின் அகலம் மாறிவிடும் என்பதால் மூக்கின் கீழே ஒரு மெல்லிய குழாய். பிறகு பத்து வினாடி குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், பத்து வினாடி நிற்க வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு இப்படியே. லேப்டாப்பிலிருந்து புஸ் புஸ் என்று சத்தம் வரும். அதுதான் உங்கள் மூளைக்கு ரத்தம் போகிற சத்தம் என்று டாக்டர் சொன்னபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறு பேருக்குச் சத்தமே வரவில்லை. பொட்டு எலும்பு தடிமனாக இருந்தால் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த ஆறு பேரும் அன்று மாலைக்குள் கம்பெனி முழுக்க மண்டை கெட்டி என்று பெயர் வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட நாற்பத்தாறு பேரில் மீதி நாற்பது பேர்.

உதவி செய்கிற சாக்கில் கீதாஞ்சலி அளவு எடுத்த இரண்டு நாளும் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றாள். சுப்பண்ணனின் முறை வந்தபோது அவர் உட்கார்ந்து எழுந்தார், திரையில் கோடு சரசரவென்று இறங்கியது, சத்தம் மெலிந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எண்ணினார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, எந்திரிக்கறப்போ எப்பவாச்சும் கண்ணு இருட்டிருக்குதுங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று கேட்டார். சுப்பண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை. டிரம் பக்கம் பார்த்தார். கீதாஞ்சலி யாருக்கும் தெரியாமல் தலையை அசைத்தாள்.

“இல்லீங்க மேடம். நல்லா இருக்கறனுங்க. மூணு லிட்டர் தண்ணி குடிக்கறனுங்க.”

தண்ணீரைப் பற்றி டாக்டர் கேட்கவே இல்லை. கீதாஞ்சலிக்கு அப்போது வந்தது சிரிப்பு. இந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டர் நன்றி சொல்ல வந்தார். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. தரணீதரனின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாதமாக ஆறு கம்பெனிகளில் அளந்திருக்கிறோம், மற்ற இடங்களில் நான்கில் ஒருவருக்குத் தலை சுற்றல் இருக்கிறது, இங்கே நாற்பதில் ஒருவருக்குக்கூட இல்லை, லைனுக்கு லைன் நீங்கள் வைத்திருக்கிற தண்ணீர் டிரம்தான் காரணமாக இருக்கும், இப்படி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அக்காவையும் நான் வேறு எங்கும் பார்க்கவில்லை என்று கீதாஞ்சலியைக் காட்டிச் சொன்னார். தரணீதரன் பெருமையாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கீதாஞ்சலியும் சிரித்தாள். அதற்கு மேல் டாக்டர் சொன்னதுதான் அவளை அறுத்தது.

“எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுகளுக்கு எத்தன வினாடில ரத்த ஓட்டம் சரியாகுதுன்னு எங்களுக்கு ஒரு அளவு வேணுமுங்க. அந்த அளவ உங்க ஆளுகள வெச்சுத்தான் போடப்போறோம். மத்த கம்பெனில தல சுத்துதுன்னு சொல்றவங்கள இதோட ஒப்பிட்டுப் பாத்துட்டு, இதுக்குள்ள இருந்தா பயமில்லன்னு சொல்லலாம் பாருங்க.”

பிறகு போகிற போக்கில், ஒருவருக்கு மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை, அயர்னிங் பெரியவர், மற்றவர்களுக்கு ஐந்தாறு வினாடியில் சரியாவது அவருக்குப் பதினெட்டு வினாடி ஆகிறது, வியர்வையில் பட்டை நழுவியிருக்கும், அந்த ஒரு அளவை விட்டுவிட்டோம் என்றார். அவர் ஒரு தடவையாவது விழுந்திருக்கிறார், அல்லது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேன், கொதிக்கிற அயர்ன் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர் அல்லவா என்றும் சொன்னார்.

கீதாஞ்சலி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் தரணீதரன் இனிப்புப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தேங்க்ஸ் மேடம் என்றாள்.

அன்று அவள் நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் செக்கிங் பக்கம் போய் நின்றாள். பத்தொன்பது வயதில் அதே டேபிளில் குனிந்து பண்டலை எடுத்து நிமிரும்போது அவளுக்கும் கண் இருட்டியிருக்கிறது. எதிரே இருப்பவர்கள் எல்லாரும் கறுப்பாகி, காதுக்குள் கொய்யென்று சத்தம் வரும். டேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாரோ உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று தெரியாதவள் செய்திருந்தால்கூடச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தெரிந்த ஒருத்தியே நாற்பது பேரின் வாயில் இல்லை என்ற சொல்லைத் திணித்திருக்கிறாள். முகம் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியில் உண்மையாகவே தலை சுற்றுகிற ஒருத்தியிடம், உனக்கு ஒன்றுமில்லை போ என்று சொல்லப்போகிறார்கள். அளவுகோல் தரணீதரன் கம்பெனியின் பொய். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் நாக்கையே பிடுங்கிப் போட்டுவிடலாம் போல் இருந்தது.

மறுநாள் தரணீதரனிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. முடிந்துபோனதை எதற்கு அம்மணி தோண்டுகிறீர்கள், படிப்புக்காக எழுதுகிற கணக்கு, யாருக்கு என்ன நஷ்டம் என்றார். சுப்பண்ணனுக்கு வேண்டுமானால் இரண்டு நாள் லீவு கொடுங்கள் என்றார். அவள் வெளியே வந்து டாக்டருக்கு போன் செய்தாள். அங்கேயும் முழு உண்மை வாயில் வரவில்லை. அந்தப் பெரியவரை மறுபடி ஒருக்கா பார்த்தறலாங்களா மேடம் என்று மட்டும் கேட்டாள். டாக்டர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். கீதாஞ்சலி ஒரு கணக்குப் போட்டிருந்தாள். சுப்பண்ணனே தன் வாயால் சொல்லிவிட்டால், தான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வேண்டி வராது. வெட்கப்படுகிற நேரத்திலும் மனுஷ புத்தி தப்பிக்கத்தான் வழி பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை அயர்ன் டேபிளுக்குப் போய், நாளைக்கு டாக்டர் கேட்டால் விழுந்தது, மாத்திரை, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள் அண்ணா என்றாள். சுப்பண்ணன் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, சரிங்க என்று சிரித்தார். நல்ல மனுஷன், புரிந்துகொண்டார் என்று அவள் நிம்மதியாக வந்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் வேறு என்று அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் அவர் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தார். பேக்கிங்கிலிருந்து ரங்காத்தாளையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் முதலிலிருந்து கேள்விகளைக் கேட்டார். தலை சுற்றுகிறதா. இல்லை. விழுந்ததுண்டா. இல்லை. மாத்திரை. இல்லை. முதுகை நேராக வைத்து, டாக்டரின் கண்ணைப் பார்த்து, லேசாகச் சிரித்தபடி சொன்னார். அவள் சொல்லிக்கொடுத்திருந்தது அத்தனையும் அச்சு அசலாக வந்தது. கீதாஞ்சலி அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தி, தோளைத் தொட்டாள்.

“பயப்படாதீங்கண்ணா. ஓனரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உண்மையச் சொல்லுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உடம்பு கூசியது. அதே குரல், அதே தோள், ஏறக்குறைய அதே வார்த்தைகள். சுப்பண்ணன் அவளைப் பார்த்து, எனக்குத் தெரியாதா என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

“உண்மைதானுங்க மேடம். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

மேடம் என்று அவர் சொன்னதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவர் ஒத்திகையில் இருக்கிறார். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தடவை இந்தக் குரலை நம்பி இருநூறு பேர் முன்னால் தலைகுனிந்த மனுஷன், இந்தத் தடவை ஏமாறுவதில்லை என்று உறுதியோடு உட்கார்ந்திருக்கிறார். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். இனிமேல் சொல்லாமல் முடியாது. இவர் இரண்டு முறை விழுந்திருக்கிறார் மேடம், நான்தான் தண்ணீர் தெளித்தேன், இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், இல்லை என்று சொல்லச் சொன்னது நான்தான், இவருக்கு மட்டுமல்ல, நாற்பது பேருக்கும் என்று கோர்வையில்லாமல் கொட்டினாள். சுப்பண்ணன் பதறிப்போனார். அவளைக் காப்பாற்றுகிற அவசரத்தில் டாக்டரிடம், அம்மணி வேற யாரையோ நெனச்சுட்டுச் சொல்லுதுங்க என்றார். ரங்காத்தாளும் ஆமாங்க என்று தலையாட்டினாள்.

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வதை நம்புவது என்று அவர் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்தார். இந்த முறை சுப்பண்ணனின் நெற்றியைத் துணியால் துடைத்து, பட்டையைச் சுற்றிக் கட்டு போடுகிற துணியால் இறுக்கிக் கட்டினார். விரலில் உறை மாட்டினார். நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். கோடு இறங்கியது. புஸ் புஸ் என்ற சத்தம் தேய்ந்து, காதைக் கிட்ட வைத்தால்தான் கேட்கும் என்கிற அளவுக்குப் போனது. டாக்டர் ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினார். பதினேழில் சத்தம் திரும்பியது. உட்காரவைத்து மறுபடி எழுப்பினார். பத்தொன்பது. மூன்றாம் முறை எழுந்தபோது சுப்பண்ணனின் உதடு வெளுத்துவிட்டது. ரங்காத்தாள் ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பட்ட நழுவலீங்க,” என்றார் டாக்டர்.

ரங்காத்தாள் அதற்கு மேல் தாங்கவில்லை. யாரையும் பார்க்காமல் போய் டிபன் பையைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். சோற்று டப்பாவோடு இரண்டு மாத்திரை அட்டைகள் விழுந்தன. டாக்டர் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றை ஒரு ஆஸ்பத்திரியிலும் இன்னொன்றை வேறு ஒரு டாக்டரிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இரண்டுமே பிரஷரை இறக்கும். எழுந்து நிற்கும்போது மூளைக் குழாய்கள் எவ்வளவு விரிந்து கொடுத்தாலும் சமாளிக்க முடியாத அளவுக்குப் பிரஷர் விழுகிறது என்றார். திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், அதுவரை அயர்ன் பெட்டி பக்கம் போகக் கூடாது என்றார்.

டாக்டர் பட்டையை அவிழ்க்கும்வரை சுப்பண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கீதாஞ்சலியிடம் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நாம பெயிலாயிட்டமுங்களா மேடம்?”

அவள் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அழுததும் அவமானமாக இருந்தது. அழுகிற உரிமை அந்தக் கேன்டீனில் அவளுக்கு இல்லை.

வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்று டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாற்பதில் எத்தனை பேர் சொன்னது உண்மை. தெரியாதுங்க மேடம், எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள். டாக்டர் காரின் கதவைத் திறந்தார். எட்டு மாச வேலைங்க இது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பாள். கார் போன பிறகும் கம்பெனி கேட் அருகில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். முதலுதவி நோட்டில் சுப்பண்ணன் விழுந்த இரண்டு நாளையும் தேதி போட்டு ஏற்றினாள். தரணீதரன் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கேன்டீனில் எல்லாரையும் கூட்டி, அது ஆடிட் இல்லை, உங்கள் உடம்புக்காக வந்தவர்களிடம் பொய் சொல்லவைத்தேன், தப்பு என்னுடையது என்றாள். அவள் எது சொன்னாலும் கேட்கிற மாதிரியே இதையும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் செக்கிங்கில் நிற்கிற ஒரு பெண் கையைத் தூக்கி, சரிங்க அக்கா, அப்ப அடுத்த தடவைக்கு என்ன சொல்லோணுமுங்க என்று கேட்டாள். அந்தப் பெண் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

டாக்டர் நாற்பது தாளையும் ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை கம்பெனிக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிப் பெண்ணோடு தொழிலாளர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டார். கீதாஞ்சலி கூட வருகிறேன் என்றதற்கு, மனசு வருத்தப்படாதீங்க, நீங்க மட்டும் வர வேண்டாம் என்றார். அவள் வீடு இருக்கிற அதே லைன் வீட்டு வரிசையில் மூன்று வீடு தள்ளி அவர்கள் அளந்துகொண்டிருந்தபோது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பதினொரு பேர் தலை சுற்றுவதாகச் சொன்னார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். யார் யார் என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் முகம் இல்லை.

சுப்பண்ணனுக்கு ஒரு மாத்திரையை நிறுத்தி இன்னொன்றைப் பாதியாக்கினார்கள். அளந்து பார்த்ததில் ஏழு வினாடிக்கு வந்துவிட்டது என்று ரங்காத்தாள் வந்து சொன்னாள். புரட்டாசியில் அவர் மறுபடி அயர்ன் டேபிளுக்கு வந்தார். முதல் நாள் காலையிலேயே கீதாஞ்சலி அங்கே போனாள். நீராவிக்கு நடுவில் அவர் ஒரு பனியனை விரித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய், தோளைத் தொடாமல், சாதாரணக் குரலில், இப்பத் தலை சுத்தறது எப்படி இருக்குதுங்கண்ணா என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு. இந்த உத்தியோகத்துக்கு வந்த பிறகு ஒருவரிடம் பதில் தெரியாமல் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

சுப்பண்ணன் பெட்டியை நிறுத்தி வைத்தார். பதில் சொல்வதற்கு முன்னால், அவள் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.